வாசகர் கேள்வி–பதில்: ஊரறிவும் இணைய வருவாயும்

ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்ந்தும் உழைத்தும் பெற்ற அறிவை இணையத்தில் பகிர்ந்து, அதன் வழியே வருவாய் தேடுவது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுள் சில கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தளங்களின் விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

*

கேள்வி: மலைப்பகுதி ஒன்றில் நடைப்பயணம் வருவோருக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவை எல்லாம் எங்கள் பகுதியைப் பற்றிய சின்னச் சின்ன விவரங்கள்தாம். அவற்றை யார் பார்க்கப்போகிறார்கள்? சேனல் தொடங்கச் சொல்லிப் பலரும் வற்புறுத்துகிறார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்றே தெரியவில்லை.

பதில்: நீங்கள் சின்ன விவரங்கள் என்று ஒதுக்குபவைதாம் உங்களிடம் இருக்கும் பெரிய செல்வம். ஒரு மலையின் உயரமும் அதற்குச் செல்லும் சாலையும் எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்கள். ஒரே ஒரு நாள் வந்துபோனவர்கூட அவற்றை எழுதிவிட முடியும். ஆனால் மேலே மழை பெய்தால் எவ்வளவு நேரத்தில் கீழே ஓடையில் நீர் ஏறும், முழங்கால் வலி உள்ள ஒருவர் எந்த வளைவு வரை நடந்துவிட்டுத் திரும்புவது நல்லது, எந்தப் பருவத்தில் எந்தப் பாறை வழுக்கும், கைப்பேசிக்குக் கடைசியாக எங்கே அலைவரிசை கிடைக்கும் என்பவற்றை எல்லாம் அங்கேயே நடந்து பழகியவரால் மட்டுமே உறுதியோடு சொல்ல முடியும். பயணத்தைத் திட்டமிடும் ஒருவர் முடிவெடுக்க முடியாமல் தயங்கி நிற்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பவரை அவர் நம்புகிறார். நம்பியவரிடமே வழிகாட்டும் பணியையும் ஒப்படைக்கிறார்.

ஆகவே ‘எதைப் பற்றிப் பேசுவது’ என்று யோசிப்பதற்கு முன், ‘யாருக்காகப் பேசுவது’ என்பதை முடிவு செய்யுங்கள். உங்கள் பகுதிக்கு முதன்முறையாக வரப்போகிறவர் ஒருவர். அங்கேயே வாழ்ந்தும் இந்த விவரங்கள் தெரியாதவர் இன்னொருவர். அங்கிருந்து பிழைப்புக்காக வெளியேறி, பார்த்துப் பழகிய இடத்தை மீண்டும் காண ஏங்குபவர் மற்றொருவர். இதே போன்ற நிலப்பரப்பில் வேறு எங்கோ வழிகாட்டியாக இருந்து, உங்கள் முறைகளைக் கற்க விரும்புபவரும் இருக்கிறார். இந்த நால்வருக்கும் ஒரே காணொளியில் விடை சொல்ல முயன்றால் ஒருவருக்கும் பயன்படாது. உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பணம் தரக்கூடியவர் முதலாமவர் என்பதால் அவரிடமிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

அடுத்து வரும் சில வாரங்களுக்கு, உங்களோடு நடந்து வருபவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே உங்கள் முதல் காணொளிகளின் தலைப்புகள். அவற்றைக் கூகுளிலும் யூடியூபிலும் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டி முடிப்பதற்குள் கீழே தோன்றும் பரிந்துரைகள், மற்றவர்கள் அதே பொருளை எந்தச் சொற்களில் தேடுகிறார்கள் என்பதைக் காட்டிவிடும். தேடியும் சரியான விடை கிடைக்காத கேள்வி ஒன்று அகப்பட்டால், அதை உடனே எடுத்துக்கொள்ளுங்கள். காட்சியின் அழகை மட்டும் நம்பி எடுத்த காணொளி, அதைவிட அழகான இன்னொன்று வந்ததும் மறக்கப்படும். தெளிவான கேள்விக்குத் தெளிவான விடை தரும் காணொளியோ ஆண்டுக்கணக்கில் தேடப்பட்டுக்கொண்டே இருக்கும். பாதை மாறினாலோ அனுமதி விதி மாறினாலோ காணொளியின் விளக்கக் குறிப்பில் தேதியோடு திருத்தம் சேர்த்துவிடுங்கள். உங்கள் சொல்லை நம்பி ஒருவர் மலையேறப்போகிறார் என்பதை எப்போதும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

*

கேள்வி: யூடியூபில் விளம்பரங்கள் மூலம் உண்மையில் எவ்வளவு வரும்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். விளம்பர வருவாய் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் உங்களுக்கே புலப்படும்.

காணொளிகளால் பணம் ஈட்டச் சேர வேண்டிய யூடியூபின் பங்குதாரர் திட்டத்தில் இரண்டு படிகள் உள்ளன. முதல் படிக்கு 500 சந்தாதாரர்களும், கடந்த 90 நாள்களில் வெளியிட்ட 3 காணொளிகளும், அவற்றோடு கடந்த ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வையோ கடந்த 90 நாள்களில் 30 லட்சம் ஷார்ட்ஸ் (குறுங்காணொளி) பார்வைகளோ வேண்டும். இந்தப் படியில் பார்வையாளர்கள் தாங்களாக விரும்பித் தரும் உறுப்பினர் கட்டணம் போன்றவை கிடைக்கும். விளம்பரப் பங்கு கிடைக்காது. விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாள்களில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வைகளோ தேவை. ஷார்ட்ஸ் வரிசையில் கிடைக்கும் பார்வை நேரம் இந்த 4,000 மணிக் கணக்கில் சேராது என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

தகுதி பெற்ற பிறகு, நீண்ட காணொளிகளில் காட்டப்படும் விளம்பரங்களின் நிகர வருவாயில் 55 விழுக்காடும், ஷார்ட்ஸுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 விழுக்காடும் படைப்பாளிக்கு வந்து சேரும். ஆனால் ஒரு பார்வைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை எதுவும் கிடையாது. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்தப் பொருளைப் பற்றிய காணொளி, விளம்பரதாரர்கள் அதிகம் செலவிடும் மாதமா இல்லையா என்பவற்றைப் பொறுத்து அது பன்மடங்கு வேறுபடும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க, விளம்பரப் பணத்தை வழங்கும் கூகுளின் சேவையான ஆட்சென்ஸ் ஒரு இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும்; பணம் கைக்கு வருவதற்கு 100 டாலர் சேர வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரும் ஆட்சென்ஸில் கேட்கப்படும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பியே ஆக வேண்டும். நிரப்பாவிட்டால் மொத்த வருவாயிலிருந்தே 24 விழுக்காடு வரை பிடித்துக்கொள்ளப்படலாம்.

விளம்பரம் என்பது பார்வைகளின் எண்ணிக்கையை நம்பியிருக்கும் வருவாய். உள்ளூர் அறிவோ இயல்பிலேயே குறைந்த எண்ணிக்கையினருக்கு மிகுந்த பயன் தருவது. ஆயிரம் பேர் பார்த்த ஒரு காணொளி விளம்பரத்தின் வழியே மிகச் சிறிய தொகையைத்தான் தரும். அந்த ஆயிரத்தில் மூன்று பேர் உங்கள் சேவையை நாடி வந்தால், அந்த விளம்பரத் தொகை பொருட்டாகவே தெரியாது. எனவே உள்ளூர் நிபுணர்கள் விளம்பரப் பணத்தை உபரியாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதன்மையான வருவாய் நேரடிச் சேவை, ஆலோசனை, பயிற்சி வகுப்பு, மின்னூல், உறுப்பினர் கட்டணம், நிறுவனங்களுக்குப் படங்களையும் காட்சிகளையும் பயன்படுத்தும் உரிமையை விற்பது ஆகியவற்றில் ஒன்றிலிருந்துதான் வரும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்காதீர்கள். ஏற்கெனவே உங்களிடம் வாடிக்கையாளர்கள் பணம் கொடுத்துப் பெறும் ஒன்று இருக்குமானால், முதலில் இணையத்தை அதை நோக்கித் திருப்புங்கள். உங்கள் தொழிலைக் கூகுள் வரைபடத்தில் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் இல்லை. காணொளியைப் பார்த்தவர் உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்று தேடித் திரியாதபடி அந்த ஒரு வேலையை முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.

*

கேள்வி: நீர் இறைக்கும் பம்புகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். தொழில் நுணுக்கங்களை எல்லாம் இலவசமாகக் காட்டிவிட்டால், என்னிடம் யார் வேலை கொடுப்பார்கள்? சக தொழிலாளர்களும் ‘தொழிலைக் கெடுக்காதே’ என்கிறார்கள்.

பதில்: உங்கள் நண்பர்களின் அச்சம் நியாயமானது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தொழில் இரகசியமே சோறு போடுகிறது என்ற நம்பிக்கையில் தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. ஆயினும் உங்கள் காணொளியைப் பார்ப்பவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். தானே பழுதைச் சரிசெய்துகொள்ளக்கூடியவர் எப்படியும் உங்களிடம் வந்திருக்க மாட்டார். பெரும்பாலோர் பாதி பார்த்ததும், இது தம்மால் ஆகாத வேலை என்று உணர்ந்து, இவ்வளவு தெளிவாக விளக்கும் ஒருவரிடமே கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வருவார்கள். வேறொரு பகுதியில் இதே தொழிலைத் தொடங்க நினைக்கும் இளைஞரும் பார்ப்பார். அவர் உங்கள் போட்டியாளர் அல்லர், உங்களிடம் கட்டணம் செலுத்திக் கற்கக்கூடிய மாணவர்.

எது இலவசம், எதற்குக் கட்டணம் என்பதைப் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தும் விளக்கம் இலவசமாக இருக்கட்டும்: மோட்டார் ஓடியும் நீர் ஏறாததற்கு என்னென்ன காரணங்கள், ஓசையை வைத்துத் தேய்ந்த பேரிங்கை எப்படி அறிவது, புதிய பம்பு வாங்கும்போது ஆழத்தையும் குழாயின் அளவையும் எப்படிக் கணக்கிடுவது என்பன போன்றவை. ஒருவருடைய குறிப்பிட்ட சிக்கலுக்கு உங்கள் நேரத்தையும் பொறுப்பையும் கொடுக்கும்போது கட்டணம் வாங்குங்கள்: அவர் அனுப்பும் படங்களைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது, பயிற்சி மாணவர் கழற்றிப் பூட்டியதைப் பார்த்துத் திருத்துவது, புதிதாகத் தொடங்குபவருக்கு என்னென்ன கருவிகளை எந்த வரிசையில் வாங்குவது என்று வகுத்துக் கொடுப்பது. தகவல் எங்கும் கிடைக்கும். வரிசைப்படுத்தித் தருவதும், தவறைச் சுட்டிக்காட்டுவதும், கேட்ட நேரத்தில் விடை சொல்வதும் எங்கும் கிடைப்பதில்லை.

பயிற்சி வகுப்பு நடத்த எண்ணினால், மாதக்கணக்கில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பதிவு செய்துவிட்டு விற்கக் கிளம்பாதீர்கள். முதலில் நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நேரலையில் நடத்துங்கள். அவர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்பதைக் கேட்ட பிறகே பதிவு செய்த பாடம் உருப்படியாக அமையும். யாரும் சேரவில்லை என்றாலும் உங்கள் உழைப்பு பெரிதாக வீணாகியிருக்காது. எழுத்தில் நாட்டம் இருந்தால் கையேடு ஒன்றை மின்னூலாக வெளியிடலாம். அமேசானின் கிண்டில் தளம் தமிழ் நூல்களையும் ஏற்கிறது. விலையையும் நிபந்தனைகளையும் பொறுத்து எழுதியவருக்கு 35 அல்லது 70 விழுக்காடு உரிமத்தொகை தருகிறது.

உங்கள் தொழிலில் மின்சாரமும் நீரும் ஒன்றாக இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இணைப்பைத் துண்டிப்பதையும், துண்டிக்கப்பட்டதைச் சோதிப்பதையும் ஒவ்வொரு காணொளியிலும் வெட்டாமல் காட்டுங்கள். அனுபவம் இல்லாதவர் தொடக்கூடாத வேலைகளைச் செய்துகாட்டாதீர்கள். பார்வையாளர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

*

கேள்வி: தையல் கற்றுத் தருகிறேன். கேமரா முன் முகம் காட்ட எனக்கு விருப்பமில்லை. வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். அப்படியும் இதில் ஈடுபட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். உங்கள் கலையில் பார்க்க வேண்டியவை கைகளும் துணியும்தாம். கைப்பேசியை மேலிருந்து நேராகக் கீழே பார்க்கும்படி ஒரு தாங்கியில் பொருத்தி, சன்னலுக்கு அருகில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். செலவழிக்க முடிந்த முதல் தொகையைக் கேமராவுக்குச் செலவிடாமல், உடையில் பொருத்திக்கொள்ளும் ஒலிவாங்கி ஒன்றுக்குச் செலவிடுங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூடத் தெளிவில்லாத குரலைப் பொறுத்துக்கொள்வதில்லை. பின்னணி இசை வேண்டுமானால் யூடியூபின் இலவச ஒலி நூலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்; திரைப்படப் பாடலைச் சேர்த்தால் உங்கள் வருவாய் உரிமையாளருக்குப் போய்விட வாய்ப்புண்டு. வீட்டின் முகவரி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை போன்றவை சட்டகத்துக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கென்று தனி எண்ணும் தனி மின்னஞ்சலும் வைத்துக்கொள்வது நல்லது.

*

கேள்வி: தலைமுறை தலைமுறையாக எங்கள் குடியினர் அறிந்த மூலிகைகளைப் பற்றிக் காணொளிகள் வெளியிட்டு வருகிறேன். ஓர் அரிய செடியையும் அது வளரும் இடத்தையும் காட்டிய சில நாள்களில் வெளியாட்கள் வந்து அதை வேரோடு பிடுங்கிச் சென்றுவிட்டார்கள். பெரியவர்கள் கோபத்தில் இருக்கிறார்கள். நான் செய்தது தவறா? இனி என்ன செய்வது?

பதில்: பெரியவர்களின் கோபத்தை மதித்து அவர்களிடமே முதலில் செல்லுங்கள். அந்தக் காணொளியை இன்றே பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள்; வேறு எவரேனும் அதை மறுபதிவேற்றம் செய்திருந்தால் நீக்கும்படி கோருங்கள். பிறகு, எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

நான் இதைக் கண்டிப்போடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பம்பு பழுதுபார்ப்பவர் தம் உழைப்பால் கற்றது அவருடையது. ஒரு குடியின் மூலிகை அறிவோ பலர் சேர்ந்து, பல காலம் சோதித்துக் காத்து வந்தது. அதைப் பேசும் வாய் உங்களுடையதாக இருக்கலாம், அறிவு உங்கள் ஒருவருடையது அன்று. உலக நாடுகளும் இந்த நோக்கிலேயே ஒப்பந்தங்கள் செய்திருக்கின்றன. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபணு வளங்களையும் அவற்றோடு இணைந்த மரபறிவையும் பயன்படுத்த முன்கூட்டிய ஒப்புதல் வேண்டும், பயனில் பங்கு தர வேண்டும் என்கிறது. 2024 மே மாதத்தில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, இத்தகைய வளங்களை அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்பவர் அவை எங்கிருந்து வந்தன என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்ற கடமையை வைக்கிறது. ஒப்புதலும் பங்கும் பெரிய நிறுவனங்களிடம் நாம் எதிர்பார்ப்பவை. அவற்றை நம் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டும். காணொளிகளால் வரும் தொகையில் ஒரு பகுதி ஊர்ப் பொதுவுக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுத்தவர் விரும்பினால் அவர் பெயரைக் கூறுங்கள், விரும்பாவிட்டால் கூறாதீர்கள்.

அதற்காக எதையும் பதிவு செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவு இருந்ததாலேயே மரபறிவு காப்பாற்றப்பட்டதும் உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, அந்தப் பயன்பாடு முன்பே அறியப்பட்டது என்று எழுத்துச் சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட்டு 1997இல் ரத்தாயிற்று. ஆக, ஊருக்குள் வைத்துக்கொள்ளும் பதிவு வேறு, உலகுக்குக் காட்டும் காணொளி வேறு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இரண்டு நன்மையும் கிடைக்கும். முன்னதில் எல்லாவற்றையும் முழுமையாகப் பதிந்து பெரியவர்களின் பொறுப்பில் வையுங்கள். பின்னதில் பரவலாக வளரும் செடிகளை அடையாளம் காண்பது, தோட்டத்தில் வளர்ப்பது, காட்டிலிருந்து பறிப்பதைத் தவிர்ப்பது ஆகியவற்றைப் பேசுங்கள்.

இடத்தை மறைப்பதற்கு ஊரின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. கைப்பேசியில் எடுக்கும் படக்கோப்பிலேயே எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிவாகியிருக்கக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். பின்னணியில் தெரியும் மலைமுகடு, கோபுரம், பெயர்ப்பலகை ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். இயற்கை ஆர்வலர்கள் பயன்படுத்தும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து தானாகவே மறைத்து வைக்கிறது. அறிவியல் பதிவுக்கே அவ்வளவு கவனம் தேவைப்படும்போது, யார் பார்க்கிறார் என்று அறிய முடியாத ஒரு காணொளிக்கு அதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ‘இந்த நோய் இந்தச் செடியால் தீரும்’ என்று உறுதி கூறாதீர்கள். அளவும் பக்குவமும் உண்பவரின் உடல்நிலையும் அறியாமல் திரையைப் பார்த்து மருந்துண்பவருக்குத் தீங்கு நேரலாம். தீங்கு விளைவிக்கும் மருத்துவத் தகவல்களை யூடியூப் நீக்கவும் செய்யும்.

*

கேள்வி: விதை, உரம் பற்றிப் பேசும் என் சேனலுக்கு நிறுவனங்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கியுள்ளன. பொருளை இலவசமாகத் தருகிறோம், நல்லபடியாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: பொருளை ஏற்கலாம், கருத்தை அவர்கள் எழுதித் தருவதை ஏற்கக்கூடாது. நீங்களே ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திப் பார்க்காத விதையைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை. பயன்படுத்திய பிறகும், குறை இருந்தால் சொல்வேன் என்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பவரோடு உங்களுக்கு வேலை இல்லை. பணமோ பொருளோ பெற்றிருந்தால் அதைக் காணொளியின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிட்டு, யூடியூபில் பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் உள்ளது என்பதற்கான கட்டத்தையும் குறியுங்கள். பல நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் தம் ஒரு பருவத்து உழைப்பைப் பணயம் வைக்கிறார் என்பது சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

வரும் மின்னஞ்சல்கள் எல்லாம் உண்மையானவை அல்ல. ஒப்பந்தம் என்றோ சோதித்துப் பார்க்க ஒரு மென்பொருள் என்றோ கோப்பு ஒன்றை அனுப்பி, அதைத் திறந்ததும் உலாவியில் உள்ள நுழைவுத் தகவலைத் திருடி, சேனலையே கைப்பற்றும் மோசடி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நுழைவுத் தகவல் அப்படியே திருடப்பட்டால், கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பும் கைகொடுக்காமல் போகலாம். அதற்காக அதை விட்டுவிடாதீர்கள். கட்டாயம் போட்டு வையுங்கள். அனுப்பியவரின் முகவரி நிறுவனத்தின் சொந்த இணையதளப் பெயரில் முடிகிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். சேனலில் நுழைந்திருக்கும் கணினியில் முன்பின் தெரியாத கோப்பு எதையும் திறக்காதீர்கள்.

*

கேள்வி: என் காணொளியை இன்னொருவர் அப்படியே எடுத்துத் தம் சேனலில் போட்டு என்னைவிட அதிகப் பார்வைகள் பெற்றிருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: யூடியூபின் பதிப்புரிமைப் படிவத்தில் உங்கள் காணொளியின் இணைப்பையும் அவருடைய இணைப்பையும் கொடுத்து நீக்கக் கோருங்கள், கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை. கோரிக்கை ஏற்கப்பட்டால் அவருக்கு ஓர் எச்சரிக்கை விழும். 90 நாள்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே முடக்கப்படலாம். அவர் எதிர்வாதம் அனுப்பவும் உரிமை உண்டு என்பதால், மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருங்கள். உண்மைக்குப் புறம்பான கோரிக்கை உங்களுக்கே சட்டச் சிக்கல் ஆகும். ஆகவே ஒருவர் உங்கள் கருத்தைத் தம் சொற்களில் சொன்னால் அதைத் திருட்டாக எண்ணி இந்த வழியை நாடாதீர்கள். பதிப்புரிமை நீங்கள் உருவாக்கிய காட்சிக்கும் சொல்லுக்கும் மட்டுமே காப்பளிக்கிறது, அவற்றில் உள்ள தகவலுக்கு அன்று.

*

கேள்வி: தமிழில் செய்வதா, ஆங்கிலத்தில் செய்வதா? ஆங்கிலத்தில்தான் வருமானம் அதிகம் என்கிறார்களே?

பதில்: உங்களிடம் பணம் கொடுக்கப்போகிறவர் எந்த மொழியில் கேள்வி கேட்கிறாரோ அந்த மொழியில் செய்யுங்கள். வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துச் செல்பவருக்கு ஆங்கிலம் தேவைப்படலாம். அண்டை ஊரின் உழவருக்குப் பயிற்சி தருபவருக்கு அது தடையாகவே இருக்கும். ஆங்கிலத்தில் விளம்பர மதிப்பு கூடுதலாக இருப்பது உண்மை. அங்கே போட்டியும் அதற்கேற்பக் கூடுதல். தமிழில் நுட்பமான விளக்கங்கள் இன்னும் பல துறைகளில் வரவேயில்லை. 2018இல் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதிலிருந்து தமிழ்த் தளங்களுக்கும் விளம்பர வருவாய் பெறும் வழி திறந்தே இருக்கிறது.

மொழியைவிட எனக்குக் கவலை தருவது, நல்ல தமிழ் பேசும் கைவினைஞர்கள் கேமராவைக் கண்டதும் செய்தி வாசிப்பாளரைப் போலப் பேசத் தொடங்கிவிடுவதுதான். தொழிலில் புழங்கும் சொற்களையே பேசுங்கள். வெளியூர்க்காரருக்குப் புரியாது என்று தோன்றும் சொல்லை ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு அதையே பயன்படுத்துங்கள். ஆங்கிலப் பார்வையாளரும் வேண்டுமென்றால் ஆங்கில வசன வரிகளை நீங்களே சரிபார்த்துப் பதிவேற்றுங்கள். இயந்திரம் செய்யும் மொழிபெயர்ப்பு தொழிற்சொற்களில் அடிக்கடி இடறும்.

*

கேள்வி: தேனீ வளர்ப்பு பற்றி அரை ஆண்டாக வாரம் ஒரு காணொளி போடுகிறேன். எதுவும் இருநூறு பார்வைகளைத் தாண்டவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: பார்வைகளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்றைப் பாருங்கள். முதலாவது, பார்ப்பவர் சராசரியாக எந்த இடம் வரை பார்க்கிறார் என்பது. சேனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு காணொளிக்கும் அதற்கான வரைகோட்டுப் படம் இருக்கிறது. முதல் அரை நிமிடத்திலேயே பலர் விலகினால், தலைப்பு சொன்ன விடை தொடக்கத்தில் தென்படவில்லை என்று பொருள். வணக்கத்தையும் முன்னுரையையும் சுருக்கிவிட்டு நேரடியாகப் பெட்டியைத் திறங்கள். இரண்டாவது, அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. தேடலில் வருபவர்கள் சிலரே ஆனாலும் மாதந்தோறும் கூடிவந்தால் காணொளி தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மூன்றாவதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்: உங்களைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள்? ஒருவர் தம் பெட்டியின் படத்தை அனுப்பி யோசனை கேட்டாரா, யாராவது பயிற்சிக்கு வரலாமா என்றாரா, தேனோ கூடோ கேட்டு அழைத்தாரா? தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு காணொளியை இருநூறு பேர் பார்ப்பது குறைவு அன்று. அந்த இருநூறு பேரையும் ஒரே அறையில் கூட்டுவது எவ்வளவு கடினம் என்பது பயிற்சி முகாம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

உங்கள் பட்டியலில் உள்ள தலைப்புகளையும் மாற்றிப் பார்க்கலாம். ‘தேனீக்களின் வாழ்க்கை’ என்ற தலைப்பு பள்ளி மாணவருக்கு உதவும். ‘கூட்டம் பிரிந்து போகப்போகிறது என்பதை எப்படி அறிவது’, ‘பூ இல்லாத மாதங்களில் எவ்வளவு சர்க்கரைப் பாகு வைப்பது’, ‘மெழுகு அந்துப்பூச்சி புகுந்த அடையை என்ன செய்வது’ ஆகியவற்றை, பெட்டியின் முன்னே கவலையோடு நிற்கும் ஒருவர் தேடுவார். பருவத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே அந்தப் பருவத்தின் சிக்கலைப் பற்றி வெளியிட்டுவிடுங்கள். சிக்கல் வந்து அவர் தேடும்போது காணொளி அங்கே இருக்க வேண்டும்.

வாரம் ஒன்று என்ற கட்டாயம் உங்களை அலுப்படையச் செய்தால் மாதம் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தேனீக்களைக் கவனிக்க வேண்டிய நேரத்தைக் காணொளித் தொகுப்பு விழுங்கிவிட்டால், சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் போய்விடும். பூக்கும் காலமும் பூ இல்லாக் காலமுமாக ஒரு முழுச் சுற்றுக்கு உரிய காணொளிகளை முடித்த பிறகு முடிவெடுங்கள். அதுவரை ஒவ்வொரு மாத இறுதியிலும் காணொளியைப் பார்த்து வந்த அழைப்புகள், அவற்றால் கிடைத்த தொகை, செலவிட்ட மணி நேரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாருங்கள். சுற்று முடியும்போது அந்தத் தாளில் அழைப்புகள் கூடாமல் மணி நேரம் மட்டும் கூடியிருந்தால், காணொளியை நிறுத்திவிட்டு அதே அறிவை நேரடிப் பயிற்சியாகவோ கையேடாகவோ கொண்டுசெல்லும் வழியைப் பாருங்கள்.